கதவோடு நின்றுவிட்ட பெயர்

ராத்தா,

நேற்று ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஈரத்துணியோடு உங்கள் வாசற்கதவின் உட்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினேன். எல்லா வீட்டிலும் புதிதாகப் பெயர்ப்பட்டியல் எழுதிக் கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டும், பழையதன் மிச்சம் இருக்கக் கூடாது என்று கிராம அதிகாரியான விதானையார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துணி பட்டதும் காய்ந்துபோன பசை ஊறி மணத்தது. புளித்த கோதுமை மாவின் மணம், அதோடு வேப்பிலைக் கசப்பு. கரையான் அண்டாமல் இருக்க வேப்பிலைச் சாறு விட்டு நான் காய்ச்சிய பசை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது.

ஒரு விரல் அகலத்தில் ஒரு துண்டுக் கடதாசி மட்டும் இன்னும் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி. உங்கள் மாப்பிள்ளையான மச்சானின் பெயர், வயது, தொழில். என் கையெழுத்து. சுற்றியுள்ள பலகை மங்கிக் கறுத்துவிட்டது. அந்த வரி மட்டும் நேற்று எழுதியதுபோலக் கிடக்கிறது.

உங்களோடு கதைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் என் கையெழுத்து நல்லது என்று நீங்கள்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நமது வத்தைத் தெரு சந்தையடியில் தொடங்கிக் கடலில் முடிகிறது. வத்தை என்ற பாய்த்தோணிகள் ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்தனவாம். இப்போது தோணியும் இல்லை, இறங்குதுறையும் இல்லை. தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது. கடல்பக்கம் கடைசி வீடு உங்களுடையது. அதையும் தாண்டினால் மணலில் ஒரு பள்ளம். ஒவ்வொரு மாரிக்கும் மழை மண்ணைக் கொண்டுவந்து அதை நிரப்பும். மழை விட்ட சில நாட்களில் அது மறுபடியும் உள்ளே இறங்கியிருக்கும். அந்த வழியால் போகிற யாரும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி அதற்குள் போட்டுவிட்டுத்தான் போவார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போடுவார். ஓதப்போகிற பிள்ளைகளும் போடுவார்கள். ஏன் என்று கேட்டால், "போடணும், அவ்வளவுதான்" என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். போட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியிருக்கிறேன்.

நான் பெரிய பிள்ளையானதும் வாப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அதன்பிறகு எனக்கு இருந்த உலகம் உங்கள் வீடுதான். உங்கள் உம்மாவும் என் உம்மாவும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு வளவுக்கும் இடையில் இருந்தது ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. அதற்குள்ளால் நுழைந்து வந்து உங்கள் பக்கத்தில் இருந்து தலையணை உறைக்குப் பூப்போடுவேன். உங்களுக்குக் காவின் எழுதி முடிந்திருந்தது. நிக்காஹ் ஆகிவிட்டது, ஆனால் மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிற நாள் இரண்டு மாதம் தள்ளி. அதுவரை அவர் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. சந்தைப்பக்கம், தெருவின் முதல் வீட்டில், தன் உம்மாவோடு இருந்தார். ஆலைக்கு நெல் ஏற்றுகிற உழவு மெசின் ஓட்டினார். மாவடிப்பள்ளி வயலில் இருந்து அது திரும்பி வருகிற சத்தம் கேட்டால் உங்கள் ஊசி ஒரு நிமிஷம் நிற்கும்.

நான் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன். "சிரி, சிரி. ஒனக்கு ஒரு நாளைக்கு மாப்புள வந்தா நீ பெட்டகத்துக்குள்ள போய் ஒளிச்சிருவாய், புள்ள. அவர் பெட்டகத்தோடதான் குடும்பம் நடத்தணும்" என்பீர்கள். யார் வந்து வாசலில் கூப்பிட்டாலும் நான் குரல் கொடுக்க மாட்டேன் என்பது தெருவுக்கே தெரியும். "யாரு" என்று கேட்பதற்குக்கூட எனக்கு நாக்கு எழும்பாது.

அந்தப் பெட்டகத்தில்தான் கொப்பி கிடைத்தது. கலியாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பெட்டகத்தைக் காலியாக்கினோம். அடியில், பழைய பட்டுத்துணிக்குக் கீழே, கணக்கப்பிள்ளைமார் வைத்திருக்கிற மாதிரி நீளமான ஒரு கொப்பி. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள். வத்தைத் தெரு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாக, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று பெயர்கள். வாசிக்க வாசிக்க உங்கள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். ஐந்தாம் வீட்டில், இப்போது அந்த வீட்டில் இருக்கிற பெண்ணின் பெயர். ஒன்பதாம் வீட்டில், அதற்கு முந்தின நாள் நமக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தவரின் பெயர். கடைசி வீட்டில் உங்கள் பெயர்.

நான் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினேன். காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

பிறகு யோசித்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. நமது ஊரில் வீடு மகளுக்குத்தான். மகளுக்கு மகள் பிறந்தால் அவளைப் பெற்றவளைப் பெற்றவளின் பெயரை வைக்கிறோம். வீடும் பெயரும் சேர்ந்தே இறங்கிவருகின்றன. மாறுவது வெளியிலிருந்து வருகிற ஆண்களின் பெயர்கள்தான். உங்களுக்கு வைத்திருந்தது நமது உம்மம்மாவின் பெயர். அப்படியென்று தெரிந்த பிறகும் எனக்கு மேல் கூசிக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போட்டிருந்தது. ஓர் ஆணின் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது: முதல் வீட்டிலும், உங்கள் பெயருக்குக் கீழே கடைசி வீட்டிலும். இரண்டு இடத்திலும் சரி. பிறகு இரண்டு சரியையும் யாரோ கடதாசி கிழியுமட்டும் கீறி அடித்திருந்தார்கள்.

உங்கள் உம்மாவான பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கொப்பியைக் கண்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். அவர் பிறப்பதற்கு முந்திய கதை. உம்மம்மா சொல்லிக் கேட்டதை நமக்குச் சொன்னார்.

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலம். தெருவுக்கு ஒரு ஆளைத் தலை எண்ண வைத்தார்களாம். வீடு இடிந்தால் யாரைத் தோண்டுவது என்று தெரிய வேண்டுமே. நமது தெருவில் அந்த வேலை உம்மம்மாவின் வாப்பாவுக்கு. கடல்பக்கம் பதுங்குவதற்கு ஒரு குழியும் வெட்டினார்கள். ஒருநாள் மேலே இரைச்சல் கேட்டது. தெருவே வண்டி கட்டிக்கொண்டு சொறிக்கல்முனைப் பக்கம் வயலுக்கு ஓடியது. பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன், நெல் சூடடிக்கிற களத்தில் உம்மம்மாவின் வாப்பா கொப்பியைத் திறந்து தலை எண்ணினார். உம்மம்மாவுக்குக் கலியாணமாகி ஒரு மாதம். மாப்பிள்ளையின் பெயர் அவருடைய உம்மா வீட்டிலும் இருந்தது, வெட்டவில்லை. மனைவி வீட்டிலும் ஏறியிருந்தது. முதல் வீட்டாரைக் கேட்டபோது, பெண் வீட்டாரோடு வருகிறார் என்றார்கள். சரி போட்டார். கடைசி வீடு வந்தபோது, தன் உம்மாவோடு நிற்கிறாராம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சரி.

"எங்கட உம்மாக்குத் தெரியும், அவர் வரல்ல எண்டு" என்றார் பெரியம்மா. "ஒரு மாசத்துப் புதுப் பொண்ணு. அத்தின ஆம்புளயளுக்கு முன்னால புருசன்ட பேரச் சொல்லி எங்க எண்டு எப்பிடிக்கா கேக்கிற? வெக்கத்துல இருந்திட்டா. மூணு நாள் இருந்திட்டா."

நமது தெருவில் ஒரு குண்டும் விழவில்லை. திரும்பி வந்தபோது குழி இருந்த இடத்தில் மணல் சமமாகக் கிடந்ததாம். பக்கத்தில் அவருடைய ஒரு சோடிச் செருப்பு; பதுங்கியிருந்தவர் மேல் மணல் சரிந்திருந்தது. தோண்டி எடுத்து முறைப்படி அடக்கினார்கள். உம்மம்மா பிறகு வேறு கலியாணம் முடித்து நமது உம்மாமார் இரண்டு பேரையும் பெற்றார். ஆனால் குழி மூடவில்லை. எவ்வளவு மண் போட்டாலும் இறங்கியது. அன்று அவரைத் தேடாமல் விட்டவர்கள் மண் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு காரணம் மறந்துபோய்க் கை மட்டும் போட்டது.

அன்று பின்னேரம் நாம் இரண்டு பேரும் பள்ளத்தடிக்குப் போனோம். நீங்கள் மண்ணை அள்ளிப் போடும்போது சலாம் சொன்னீர்கள். பள்ளத்தின் ஓரத்து மணல் மெல்ல உள்ளே சரிந்தது. வழமையாகச் சரிகிறதுதான். இருந்தாலும் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பத்து நாளில் விதானையார் வந்தார். இப்போது இங்கேயும் யுத்தம் என்று அதற்குள் எல்லாருக்கும் விளங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். ராணுவத்தார் சுற்றிவளைக்கும்போது பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் நின்றால் கொண்டுபோய்விடுவார்கள். ஒருமுறை ஒட்டிவிட்டால் மாற்றுவதற்கு அவர்களுடைய முகாமுக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். முகாமுக்குப் போக யாருக்குத்தான் விருப்பம்? நமது தெருவில் பாதி வீட்டுக்கு நான்தான் எழுதினேன்.

உங்கள் வீட்டுக்கு எழுதும்போது மச்சான் எந்த வீடு என்ற கேள்வி வந்தது. இப்போதைக்கு அவர் உம்மா வீட்டிலேயே எழுதலாம், கலியாணத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றீர்கள். அப்போது முகாமுக்குப் போக வேண்டிவருமே என்றார் பெரியம்மா. அப்படியென்றால் இரண்டு வீட்டிலும் எழுதிவிடு என்றீர்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

"ரெண்டு வீட்டுல எழுதக் கூடா ராத்தா. கொப்பியில பாத்தோமே. ரெண்டு வீட்டுல இருக்கிற ஆள ஒருத்தரும் தேட மாட்டாங்க."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, சரி, ஒரு வீட்டில் எழுது என்றீர்கள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. உங்கள் பெயருக்குக் கீழே எழுதினேன். எழுதிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அந்த வீட்டில் எழுதினேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் வீட்டுப் பட்டியலையும் நான்தான் எழுதினேன். அதில் மச்சானை விட்டேன். அவருடைய உம்மாவும் சிரித்துக்கொண்டு, "ஓம், அவன் இனி அந்த வீட்டுப் புள்ளதானே" என்றார். விழாமல் இருக்க வேண்டுமென்று பசையை நன்றாகக் கட்டியாகக் காய்ச்சினேன்.

சுற்றிவளைப்பு நடந்த அன்று காலை எட்டு மணி இருக்கும். சந்தைப்பக்கமிருந்து தொடங்கினார்கள். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. மச்சானின் தங்கை வளவுக்குள்ளால் வளவுக்குள்ளால் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள். மச்சானின் பெயர் கதவில் இல்லை என்று லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். கடைசி வீட்டில் எழுதியிருக்கிறது என்று அவள் உம்மா அழுதாராம். அப்படியென்றால் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்களாம்.

நாம் கதவில் பாய்ந்தோம். கடதாசி வரவில்லை, ராத்தா. நகத்தால் கிளப்பினோம். நீங்கள் அகப்பைக் காம்பால் நெம்பினீர்கள். ஒரு மூலை எழும்பியது, பிறகு ஒரே இழுப்பில் வந்தது. நான் அதைப் பறித்துக்கொண்டு ஓடினேன். நீங்கள் செருப்பில்லாமல் எனக்குப் பின்னால். பள்ளிவாசல் முன்னால் தெருவின் ஆண்கள் எல்லாரையும் நிலத்தில் குந்த வைத்திருந்தார்கள். நூறு முகம் ஒன்றாக என் பக்கம் திரும்பியது. என் கால் நின்றுவிட்டது. முக்காட்டை இழுத்துக்கொண்டு மதிலோடு ஒட்டிவிட்டேன். நீங்கள் என் கையிலிருந்த கடதாசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர்கள்.

துவக்கோடு நின்ற சிப்பாய் கடதாசியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அதில் எல்லாருடைய பெயரும் இருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகக் கிழிந்திருந்தது. அப்படி ஒரு பெயர் இதில் இல்லையே என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அப்போது நீங்கள் மச்சானின் பெயரைச் சொன்னீர்கள். அத்தனை ஆண்களுக்கும் முன்னால், முழுப் பெயரையும், தெரு முடிவுமட்டும் கேட்கிற மாதிரி. அதற்கு முன் உங்கள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. லொறிக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு லொறி போய்விட்டது.

பெரியப்பா முகாமுக்குப் பத்துத் தடவையாவது நடந்திருப்பார். காவின் பதிவைக் காட்டினார். கலியாணம் முடித்தது சரி, எங்கே இருந்தார் என்று அது சொல்லவில்லையே என்றார்களாம். கடைசியில், அப்படி ஒரு ஆளைக் கொண்டுவரவேயில்லை, எங்கள் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை என்றார்கள். அவர் இருந்தார் என்பதற்கு உங்கள் கதவில் அந்த ஒரு வரிதான் மிச்சம்.

மாதங்கள் போயின. விதவைக்குரிய இத்தா இருக்க வேண்டும், வெள்ளை உடுக்க வேண்டும் என்று சொந்தக்காரப் பெண்கள் வந்து கதைத்தார்கள். பள்ளிவாசல் லெப்பையும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கதவைச் சாத்தி அந்த வரியைக் காட்டினீர்கள்.

"இந்த வீட்டுல இரிக்கார் எண்டு எழுதிக் கெடக்கு. நான் ஏன் வெள்ள உடுக்கணும்?"

அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. ஆனால் வீடு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பின்னேரக் காற்றில் அந்தத் துண்டின் எழும்பிய ஓரம் கதவில் தட்டும். டிக், டிக் என்று, விரல் நுனியால் தட்டுகிற மாதிரி. நீங்கள் எழும்பிப்போய்த் திறப்பீர்கள். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். மெதுவாகச் சாத்திவிட்டு வந்து பூப்போடத் தொடங்குவீர்கள். சில நாட்களில் இரண்டு பீங்கானில் சோறு போட்டு வைத்திருப்பீர்கள்.

ஒருநாள் நான் உங்கள் மடியில் முகத்தை வைத்து, என் கைதான் எழுதியது, என் கால்தான் நின்றது என்று அழுதேன். நீங்கள் என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னீர்கள்: "நீ எழுதினது சரிதான்கா. அவர்தான் வீடு மாறி நிண்டுட்டார். மறுகா வருவார்." அது ஆறுதலா, நீங்கள் உண்மையாகவே நம்பினீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாரியில் உங்களுக்குக் காய்ச்சல். ஊரடங்குச் சட்டம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது என் கையைப் பிடித்தபடி, கதவைப் பூட்ட வேண்டாம் என்றீர்கள். அவ்வளவுதான். பெண்கள் அடக்குகிற மையவாடிக்குப் போவதில்லை. உங்களுக்கு ஒரு பிடி மண் போட எனக்கு வாய்க்கவில்லை. ஆண்கள் உங்களைக் கொண்டுபோன பிறகு நான் தெரு முடிவுக்குப் போய் அந்தப் பள்ளத்துக்குள் மூன்று பிடி போட்டேன். மழை நின்று இரண்டு நாள்தான். அது இறங்கத் தொடங்கியிருந்தது.

இப்போது இந்த வீடு எனக்கு. பெரியம்மாவுக்கு வேறு மகள் இல்லை. எனக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். பெட்டகமும் கதவும் அதோடு வருகின்றன. எனக்கும் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அவருடைய உம்மாவும் மாமாமாரும் வந்திருந்தார்கள். காவினை இப்போதே எழுதிவிடுவோம், அழைப்பை அறுவடைக்குப் பிறகு வைப்போம் என்று இந்த வீட்டு முன்மண்டபத்தில் கதை முடிகிற நேரம். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கதவில் அந்தத் துண்டு டிக் என்றது. நான் திரையை விலக்கி வெளியே வந்தேன்.

"காவினும் அழைப்பும் ஒரே நாளில வைங்க, வாப்பா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒராள நிக்க வைக்க நான் விட மாட்டன்."

ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். வாப்பா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "புள்ள சொல்ற மாதிரி வைப்பம்" என்றார்.

நேற்று அந்தத் துண்டை நான் சுரண்டவில்லை. விதானையார் வந்தால் நானே கதைத்துக்கொள்கிறேன். ஈரத்துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, புதிய பட்டியலை எழுதினேன். உங்கள் பெயரை எழுதும் இடத்தில் பேனை தானாக நின்றது. பிறகு நினைவு வந்தது. அது கொப்பியில் இருக்கிறது, கடைசி வீட்டில், எனக்கும் உங்களுக்கும் முந்திய மையில். இந்த முறை பசை காய்ச்சவில்லை. அந்த வரிக்கு மேலே ஒரு ஆணி அடித்துக் கடதாசியைத் தொங்கவிட்டேன். ஒரு கையால் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஓடினால் பள்ளிவாசலடியில் நிற்க மாட்டேன்.

தொங்குகிற கடதாசி முன்னையைவிட அதிகமாகத் தட்டுகிறது. கதவை நான் பூட்டுவதில்லை. இன்றைக்கும் மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி, காற்று விழுந்துபோன நேரத்தில், தட்டியது. நான் எழும்பிப்போய், தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "யாரு" என்று கேட்டேன்.